ஆறு புறாக்களின் இடது பக்கம்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

வருகிற வெள்ளிக்கிழமையோடு ஜன்னலோர மேசை உங்களுக்கு வந்துவிடும். நான் கிளம்புகிறேன். போவதற்குமுன் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போங்கள் என்று ஆய்வகத் தலைவரான மேடம் சொன்னார். எனக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பணி அனுபவம் என்று தலைப்புப் போட்டு எழுத உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு காரியத்தை நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மூளையை மெல்லிசாகச் சீவுகிற மைக்ரோடோமை எப்படி ஓட்டுவது, ஆன்டிபாடியை எவ்வளவு ஊற்றுவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இங்கிருந்து தெற்கே, கடலோரமாகப் போனால் வருகிற முள்ளக்காட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். அப்பா ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார். அதனால் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. முதன்முதலாகப் புறாவின் சிறுமூளையை நுண்ணோக்கியில் பார்த்த நாளன்று மட்டும் சொல்ல முடியும் என்று தோன்றியது.

நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். சாதாரணச் சாயத்தில், புர்கின்ஜி என்கிற பெரிய நரம்பு செல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குடத்தை வரிசையாக அடுக்கியதுபோல, ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது. ஸீப்ரின் என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊற்றி, மறுநாள் நிறம் வரவைக்கும்போதுதான் குட்டு உடையும். அந்தப் புரதம் உள்ள செல்கள் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு மெதுவாக மாறும். இல்லாதவை வெளுத்தே நிற்கும். ஒரு பட்டை பழுப்பு, ஒரு பட்டை வெள்ளை, மறுபடி பழுப்பு. 'ஸீப்ரா' என்கிற வரிக்குதிரையை நினைத்துத்தான் அந்தப் புரதத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு வரிக்குதிரை தெரியாது. உப்பளப் பாத்திகள் தெரியும். முற்றிய பாத்தி, முற்றாத பாத்தி, நடுவில் வரப்பு என்று மேலே பறக்கிற ஒன்றின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது கிடந்தது. அன்று வீட்டுக்குப் போய், "நம்ம அளம் மாரியே இருக்கும்மா, புறாவோட தலைக்குள்ள" என்றேன். அம்மா, "அப்பம் அதுக்கும் வெயில்ல வேலதானா?" என்றாள்.

அதன்பிறகு பல நாள் கனவில் அந்த வரப்பு மேலேயே நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. எங்கே போகிறேன் என்று தெரியாது, ஆனால் வழி தப்பவில்லை என்று மட்டும் தெரியும்.

செலின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்துப் புன்னைக்காயல்காரர். எனக்கு மூன்று வருடம் மூத்தவர், முனைவர் பட்டத்தின் கடைசிப் பகுதியில் இருந்தார். புறா பறக்கும்போது தரையும் கட்டிடமும் தன்னைக் கடந்து பின்னால் ஓடுவதைக் கணிக்கிற மடிப்பு ஒன்று சிறுமூளையில் இருக்கிறது. அந்த மடிப்பின் பட்டைகள்தான் அவருடைய ஆராய்ச்சி. பந்தயப் புறா வளர்ப்பவர்களிடமிருந்து முறையான அனுமதியோடு வாங்கிய பறவைகள். மூளையைச் சீவிச் சாயமேற்றித் தருவது என் வேலை. அளந்து பார்ப்பது அவருடைய வேலை.

ஆறு புறாக்கள் முடிந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரு பட்டை, ஆறு பறவையிலும், இடது பக்கம் அகலமாக இருந்தது. வலது பக்கம் அதே பட்டை ஒடுங்கியிருந்தது.

"ஆறுலயும்லே! ஒண்ணு ரெண்டுன்னா விட்டுரலாம். ஆறுலயும் இடது!" என்று என் முதுகில் ஓங்கி அடித்தார். அந்த அடி இரண்டு நாள் வலித்தது.

பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினார். சுவரில் படம் ஒட்டி நிற்க விண்ணப்பித்தவருக்கு, மேடையில் பேச இடம் கிடைத்தது. அந்த மாநாட்டுக்கு வரவிருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், இடது வலது வித்தியாசத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன், என் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாகிறது, நேரில் பேசலாம் என்று மின்னஞ்சல் போட்டார். அக்கா வீட்டில் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த ஒரு வேலை கெடச்சிட்டுன்னா எங்கப்பா வாயவே தொறக்கமாட்டாரு பேச்சி" என்று என்னிடம் சொன்னார். நான் பேச்சிமுத்து. ஆய்வகத்தில் எல்லோருக்கும் பேச்சிதான்.

வெள்ளிக்கிழமை காலை பேச்சு. புதன் மாலை ரயில். நான் சொல்லப்போவது திங்கட்கிழமை நடந்தது.

மூளையைச் சீவுமுன் ஒரு பக்கம் ஊசியால் சின்ன வெட்டுப் போடுவோம். சீவல்கள் தண்ணீரில் மிதக்கும்போது குப்புற விழும், புரளும். அந்த வெட்டு இருந்தால்தான் எது இடது எது வலது என்று கடைசிவரை தெரியும். இடது பக்கம் வெட்ட வேண்டும் என்பது இந்த ஆய்வகத்தின் வழக்கம். அன்று மதியம் அக்கா, "செய்முறைய ஒரு வீடியோவாப் போட்டா நல்லாருக்கும். சும்மா செஞ்சு காட்டுலே, எடுக்கேன்" என்றார். மூளைக்குப் பதில் ஒரு சோப்புத் துண்டை மூக்கு, முதுகு எல்லாம் செதுக்கி, எப்போதும்போல மூக்கு எனக்கு அப்பால் பார்க்கும்படி தட்டில் வைத்தேன். மேசையில் உட்கார்ந்து ஊசியை எடுத்து ஒரு வெட்டுப் போட்டேன்.

"சோப்புக்கு வலிச்சிருக்கும் பாவம்" என்று அக்கா சிரித்தார். வீடியோவை எனக்கும் அனுப்பினார். நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பேருந்தில் இடது ஜன்னல் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் உப்புக் குவியல்கள் ஆரம்பித்துவிடும். நாலு மணி வெயிலில் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. அதற்கப்பால் கோடு மாதிரி கடல். புறாவுக்கும் உலகம் இப்படித்தான் பின்னால் ஓடுமோ என்று நினைத்துக்கொண்டே அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது என் கை போகிற இடம் கண்ணில் பட்டது.

ஊசி வலது பக்கம் இறங்குகிறது.

கைபேசிதான் படத்தைத் திருப்பிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. சுவரில் இருந்த நாள்காட்டி எழுத்து நேராகத்தான் இருந்தது. மூன்றாம் முறை பார்த்தேன். என் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஜன்னல் இருக்கிற பக்கமாக, தன்பாட்டுக்குப் போய் வெட்டிவிட்டு வருகிறது.

உப்பளத்தில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. கடல் பக்கம், ரோட்டுப் பக்கம். 'கடப்பக்கத்துப் பாத்தியில தண்ணி வுடு' என்றால் எந்தத் திசை பார்த்து நின்றாலும் ஆள் தப்பாமல் போவான். முதல் நாள் எனக்கு வெட்டும் பக்கத்தைக் காட்டியபோது மேசை வடக்குச் சுவரோரம் தெற்குப் பார்த்துக் கிடந்தது. கிழக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கடல் எனக்கு இடப்புறம். தலை 'இடது' என்று படித்துக்கொண்டது. கை 'கடப்பக்கம்' என்று படித்துக்கொண்டது. பிறகு ஏசி ஒழுகுகிறது என்று மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். நான் வடக்குப் பார்த்து உட்கார்ந்தேன். கடல் எனக்கு வலப்புறம் வந்துவிட்டது. கைக்கு அதை யாரும் சொல்லவில்லை. வெட்டிவிட்டு நோட்டில் 'இடது' என்று எழுதியதும் அதே கைதான்.

வீட்டு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அம்மா அளத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள், காலெல்லாம் உப்பு பூத்து.

"ஏன்யா, பேயறஞ்ச மாரி நிக்க? புறா செத்துப் போச்சா?"

"அது எப்பமோ செத்துப் போச்சும்மா."

"பொறவு என்ன?"

"ஒரு தப்புப் பண்ணிட்டேன். அக்கா வேலை போயிரும் போல."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்பம் இங்கன ஏன் நிக்க?" என்று சொல்லிவிட்டு அம்மா குழாயடிக்குக் கால் கழுவப் போய்விட்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் அதை நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். அந்த நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. சோப்பு வீடியோவை மறுபடி எடுத்துவிட்டால் போதும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா பேசுவார், கைதட்டுவார்கள், வெளிநாடு போவார். அங்கே போய் மறுபடி செய்து பார்க்கும்போது இடது அகலமாக வராது. ஏன் வரவில்லை என்று அவர் வருடக்கணக்காகத் தேடுவார். எதைத் தேடுகிறார் என்பது முள்ளக்காட்டில் இருக்கிற எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அந்தக் கடைசிப் படம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எதிரே வந்த பேருந்தைக் கைகாட்டி ஏறினேன். திரும்பி வரும்போது கடல் வலது பக்கம் ஓடியது. கடல் ஓர் அடிகூட நகரவில்லை. நான்தான் திரும்பியிருந்தேன்.

அக்கா திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"என்னலே, எதையும் வச்சிட்டுப் போயிட்டியா?"

"அக்கா, நான் வெட்டுனது இடது இல்ல. கடப்பக்கம்."

பெங்களூர்க்காரருக்கோ வெளிநாட்டுக்காரருக்கோ இதை விளக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். புன்னைக்காயல்காரருக்கு ஆகவில்லை. நாற்காலியோடு திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு பழைய மேசை கிடந்த சுவரைப் பார்த்தார்.

"சவத்துப் பயலே" என்றார் மெதுவாக. "மேசைய எப்ப மாத்துனாங்க?"

"மாதா கோயில் கொடியேத்தத்துக்கு மறுநா. நீங்க லீவு. ஞாபகம் இருக்கு."

நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தார். மூன்று புறா கொடியேற்றத்துக்கு முன்னால். மூன்று பின்னால். நோட்டை மூடினார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"இத வேற யாருட்ட சொன்ன?"

"எங்கம்மாகிட்ட. அதுவும் என்னன்னு சொல்லல."

"நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்லா?"

"போனேன்கா. போயிட்டுத்தான் வந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரைக்குப் போனார். பின்னால் வந்த மூன்று பறவைகளின் படத்தை இடம் வலமாகத் திருப்பிப்போட்டார். இப்போது மூன்றில் இடது அகலம், மூன்றில் வலது அகலம். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா ஆறு படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சி, இங்கன பாரு. இடது மாறுது, வலது மாறுது. ஒண்ணு மட்டும் மாறல."

"என்னக்கா?"

"வெட்டு. ஆறுலயும் வெட்டு இருக்க பக்கந்தான் அகலம்." என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது புறாவோடது இல்லலே. ஒன்னோடது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீவுவதற்கு முன் மூளையைத் தட்டில் உறையவைக்கும்போது நான் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவேன், நன்றாக ஒட்டட்டும் என்று. நல்ல பக்கத்தில் விரல் படக்கூடாதே என்று, ஏற்கெனவே வெட்டுப்பட்ட பக்கத்தில் அழுத்துவேன். அழுத்தினால் மூளை ஒரு நூல் சாயும். அந்தப் பட்டை முன்னிருந்து பின்னால் போகப் போக அகலமாகிற பட்டை. சாய்த்துச் சீவினால் அழுத்தாத பக்கத்தில் முன்பகுதியும் அழுத்திய பக்கத்தில் பின்பகுதியும் ஒரே சீவலில் வந்துவிடும். ஒரே பறவை, ஒரு பக்கம் ஒடுக்கம், ஒரு பக்கம் அகலம்.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் எனக்குச் சொல்லித்தந்தபடி ஒழுங்காக எப்போதும் இடது பக்கமே வெட்டியிருந்தால், ஆறு புறாவிலும் இடது அகலமாகவே வந்திருக்கும். அறுபது செய்தாலும் அப்படியே வந்திருக்கும். என் விரலின் தப்பு வெளியே தெரிந்ததே, என் திசையின் தப்பால்தான். அன்றிலிருந்து, ஒழுங்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால், நான் சொன்னால்கூட, உள்ளூர ஒரு பயம் வரும்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். அன்று மாலையே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, கோபப்படுவார் என்று நினைத்து நின்றோம். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க. நீங்க சொல்றது இன்னும் யூகம்தானுங்களே. முன்னாடி இருந்ததும் யூகம்தான். எதை வெச்சு ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் புடிக்கறீங்க?" என்று கேட்டார். "ஏழாவது பறவை பாட்டில்ல இருக்குதில்லீங்க?" என்றார்.

பதப்படுத்தி வைத்திருந்ததில் அதுதான் கடைசிப் பறவையின் மூளை. அடுத்த அனுமதிக்கு மாதக்கணக்காகும். ஏழாவதில் என்ன செய்வது என்று அக்காவும் நானும் மேசைக்கு இருபுறமும் நின்று வாதாடினோம். அழுத்தாமல் சீவலாம் என்றேன். "அதுல சமமா வந்தா என்ன தெரியும்? இந்தப் புறா ஒருவேள அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க" என்றார் அக்கா. கடைசியில் அவர் சொன்னபடி செய்தோம். மூளையை இரண்டாக, முன்னொரு துண்டு பின்னொரு துண்டாகப் பிரிக்காமல், ஒரே மூளையில் பாதிவரை என் பழக்கப்படி வெட்டுப்பட்ட பக்கம் அழுத்திச் சீவுவது, பிறகு நிறுத்தி, தட்டிலிருந்து எடுத்து, மறு பக்கம் அழுத்தி மீதியைச் சீவுவது. வெட்டை மட்டும் அக்காவே போட்டார், வலது பக்கம், வேண்டுமென்றே. "கடல இன்னைக்கு மறந்துரு" என்று ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டினார்.

செவ்வாய் முழுவதும் சீவலும் ஆன்டிபாடியும். புதன் காலை நிறம் வரவைத்தோம். தட்டுக் குழிகளில் சீவல்கள் மிதந்துகொண்டிருந்தன. தூரிகை நுனியால் தொட்டால் ஜெல்லிமீன்போல மடங்கி விரியும். பழுப்பு நிறம் எங்கிருந்தோ மெல்ல ஏறி வந்தது, விடியும்போது பாத்திக்கு நிறம் வருகிற மாதிரி. அந்தப் பத்து நிமிடமும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. என் விரல்மேல் தப்பில்லை என்று வரவேண்டும் என்றா, தப்பு என்று வரவேண்டும் என்றா.

முதல் பாதியில் பட்டை வலது பக்கம் அகலமாக இருந்தது. இரண்டாம் பாதியில் இடது பக்கம் அகலமாக இருந்தது. ஒரே பறவை. என் கட்டைவிரல் போன பக்கமெல்லாம் அகலமும் கூடவே போயிருந்தது.

அக்கா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எவ்வளவு அழகா இருக்கு பாருலே" என்றார். உண்மையில் அழகாக இருந்தது. அகலமோ ஒடுக்கமோ, பட்டைகள் பட்டைகளாகவே, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தங்கள் வரப்புக்குள் நின்றன.

மதியம் முழுக்கப் பேச்சை மாற்றி எழுதினார். 'இடது' என்ற சொல் இருந்த படங்களை எல்லாம் எடுத்தார். பட்டைகளின் எண்ணிக்கை, அவை முன்னிருந்து பின்னாக அகலும் விதம், இவை மிச்சமிருந்தன. கடைசியில் ஒரு படம் சேர்த்தார்: எங்கள் அறையின் வரைபடம், மேசை இருந்த இரண்டு இடம், ஜன்னல், கடல். மாலை ரயிலேற்றிவிடப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "ரயில் நகருததுக்கு முன்ன எறங்கி நில்லு, அது போதும்" என்றார். நான் ரயிலில் ஏறவே இல்லை, நடைமேடையில்தான் நின்றேன். அவ்வளவு தூக்கம் அவருக்கு.

வெள்ளிக்கிழமை பகலில் அழைத்தார். கடல் படத்துக்கு அரங்கம் சிரித்ததாம். பிறகு சிரிப்பு நின்று, இரண்டு மூன்று பேர் தங்கள் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்களாம்.

"அந்தப் பேராசிரியரு?"

"முன்வரிசையிலதான் இருந்தாரு. நல்ல பேச்சுன்னாரு. வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லல." பிறகு, "போச்சுலே பேச்சி" என்றார். "சரி வை. எனக்குத் தூங்கணும்."

அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நேர்மையாக இருந்ததால் அதைவிட நல்லது தேடி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அக்கா ஒரு வருடத்துக்கும் மேலாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் பேச்சு வாங்கினார். அந்த நாட்களில் ஒருமுறைகூட என்னை ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கடைசியில் வேறொரு நாட்டில், அவ்வளவு பெயர் இல்லாத சின்ன ஆய்வகத்தில் இடம் கிடைத்துப் போனார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கை எதைப் படித்துக்கொண்டது என்று தலைக்குத் தெரியாது. உங்கள் ஊர் உங்கள் கையில் என்னவெல்லாம் வைத்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் ஏதாவது வைத்திருக்கும். அதனால் ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பாருங்கள். தப்பு தெரிந்த பேருந்து நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். ஏழாவது புறாவின் சீவல்கள் மேசையின் கீழ் இழுப்பறையில், நீலப் பெட்டியில் இருக்கின்றன. வேலை தொடங்குமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அக்கா அங்கே சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினார். புது மேசை, தட்டு, ஊசி. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலைகள், எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைகள். கீழே எழுதியிருந்தார்:

"இங்கன கடலே இல்லலே. புறாவோட இடது மட்டும் எப்பவும் இருந்த எடத்துலயேதான் இருக்கு."